ஸ்லாட் கிடைத்ததா?

மே, ஜூன் மாதங்களில் காலை ஏழு மணிக்கே சென்னை ஜெமினி மேம்பாலத்தடியில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, நெற்றியில் பட்டும் படாமலும் திருநீறு, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம், பத்தாம் வகுப்பிலிருந்து சேர்த்துவைத்த மதிப்பெண் பட்டியல்கள், கல்விக்கடன் ஒப்புதல் கடிதம், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் முத்திரை குத்திய சொத்து மதிப்பீடு. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்களின் போனையும் பையையும் பக்கத்துக் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்வார். கூட வந்த அப்பாக்கள் நடைபாதையில் நின்றபடி அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே நடப்பது இரண்டு மூன்று நிமிடச் சமாச்சாரம். எந்தக் கல்லூரி, ஏன் அந்தக் கல்லூரி, பணம் யார் கட்டுகிறார் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி சில கேள்விகள் கேட்பார். பல பேரிடம் அந்த ஃபைலைத் திறக்கச் சொல்வதுகூட இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு. கையில் திருப்பிக் கொடுத்து ஒரு தாளையும் நீட்டினால் இல்லை, அல்லது இப்போதைக்கு இல்லை.

ஸ்டூடண்ட் விசாவுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வருவது இதனால்தான். ஒருவர் மூன்று நிமிடம் என்பார், இன்னொருவர் மூன்று மாதம் என்பார். இரண்டுமே சரி. முடிவெடுக்க ஆகும் நேரம் அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அந்த முடிவுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள காத்திருப்புதான் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது வீட்டுத் திண்ணையில் இருந்தது.

1888இல் சட்டம் படிக்க லண்டன் போகப் புறப்பட்ட பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தியிடம் யாரும் விசா கேட்கவில்லை. அப்படி ஒன்று அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அவரைத் தாமதப்படுத்தியவை வேறு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், கொஞ்சம் பொறுத்துப் போகட்டும் என்று பம்பாயில் சிலர் தடுத்தார்கள். அடுத்து அவருடைய மோத் வணிகர் சாதியார் கூட்டம் போட்டார்கள். கடல் தாண்டக் கூடாது என்று தீர்ப்பானது. போயே தீருவேன் என்றவரைச் சாதியை விட்டுத் தள்ளிவைத்தார்கள். உதவுகிறவனுக்கும் துறைமுகம்வரை போய் வழியனுப்புகிறவனுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி அவர் கப்பலேறிவிட்டார்.

நம்மூர்க் கதை இன்னும் தெளிவானது. 1913 ஜனவரியில் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துவர ஹார்டி அந்த ஆண்டே முயன்றார், ராமானுஜன் மறுத்துவிட்டார். அம்மா கோமளத்தம்மாளின் சம்மதமும் ஊரார் பேச்சும் குறுக்கே நின்றன. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் நெவில் நேரில் பேசிப் பார்த்தபோதுதான் மனம் மாறியிருந்தது தெரிந்தது. நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது ஜனவரி 28. ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒப்புதலாகி, பயணச் செலவுக்கும் துணிமணிக்கும் பணம் ஏற்பாடாகி, அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டு, குடுமியை எடுத்துக்கொண்டு, அவர் ‘நெவாசா’ கப்பலில் ஏறியது மார்ச் 17. ஏழு வாரம்தான். ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கினார். வீட்டுச் சம்மதத்துக்கு ஓராண்டு பிடித்தது. அரசாங்கச் சம்மதம் தேவைப்படவே இல்லை. பிரிட்டிஷ் பேரரசின் குடி, பேரரசின் தலைநகருக்குப் போகிறார், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள்ளேயே காகிதம் நுழையத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் படிப்பில்லை, அரசியல்.

ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் லண்டன் ஹைகேட் பகுதியில் திறந்த ‘இந்தியா ஹவுஸ்’ மாணவர் விடுதி, சில ஆண்டுகளில் புரட்சிக்காரர்களின் கூடாரமாகிவிட்டது. லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படிக்கப் போன திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர் அங்கேதான் சாவர்க்கரோடு சேர்ந்தார். மருத்துவம் படிக்கப் போன தி.சே.சௌ. ராஜனும் அந்த வீட்டைத் தெரிந்தவர். இந்திய மாணவர்கள் லண்டனில் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரிக்க 1907இல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1909இல் மாணவர்களுக்கென்று ஒரு தகவல் பணியகமும், கல்வி ஆலோசகர் என்று ஒரு பதவியும் வந்தன. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா, பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியை லண்டனில் சுட்டுக்கொன்றார். அதன்பின் ஆலோசனைக்கும் உளவுக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோனது. சொந்த ஊர் அதிகாரியிடமிருந்து அடையாளச் சான்று கொண்டுவா, இன்னார் பிள்ளை என்று எழுதி வாங்கிவா என்ற வழக்கம் பிறந்தது. இன்றைய விசா விண்ணப்பத்தின் தாத்தா இந்தச் சான்றுதான். ஐயர் மட்டும் எந்தச் சான்றும் இல்லாமல், மாறுவேடத்தில், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்து உளவாளி சந்தேகப்பட்டபோது, என் பெயர் வீர விக்ரம் சிங் என்று சமாளித்தார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை.

முதல் உலகப்போர் வந்ததும் எல்லைகளை அடைத்தார்கள். போர் முடிந்தும் திறக்கவில்லை. 1920இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது.

இந்தக் காலத்தில் அமெரிக்கா செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று ஜெமினியில் நிற்கும் பிள்ளையின் தலையெழுத்து எழுதப்பட்டது அங்கேதான். 1917 பிப்ரவரியில் வாஷிங்டன் ஒரு சட்டம் போட்டது. உலக வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்து ஒரு வட்டாரத்தை வளைத்து, அதற்குள் பிறந்தவன் உள்ளே வரக் கூடாது என்றது. இந்தியா முழுவதும் அந்த வளையத்துக்குள். ஆனால் விலக்குப் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதிகாரிகள், மதபோதகர்கள், ஆசிரியர்கள், வணிகர்கள், சுற்றுலாப் பயணிகள் வரிசையில் மாணவர்களும் இருந்தார்கள். கூலிக்காரனுக்கு அடைத்த கதவை மாணவனுக்கு ஒருக்களித்து வைத்தார்கள்.

1921இல் நாட்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. ஆண்டு ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மாதத்தில் இறங்கக் கூடாது. இதன் விளைவு வேடிக்கையானது. மாதக் கடைசி நாள் இரவு நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும். மணி பன்னிரண்டு அடித்ததும் முந்திக்கொண்டு உள்ளே பாயும். பிந்திய கப்பலில் வந்தவர்களுக்கு இடம் தீர்ந்துபோயிருக்கும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தோடு வந்த மாணவர்களும் இந்த ஓட்டப்பந்தயத்தில் மாட்டிக்கொண்டார்கள். 1919இல் தொடங்கப்பட்டிருந்த சர்வதேசக் கல்வி நிறுவனம், மாணவனைக் குடியேறியாகக் கணக்குப் பண்ணாதீர்கள் என்று அரசோடு மல்லுக்கட்டியது.

அந்த வாதம் 1924 சட்டத்தில் ஒரு பிரிவாக ஏறியது. குறைந்தது 15 வயது. படிப்பதற்கு மட்டுமே வர வேண்டும். எந்தக் கல்லூரி என்று முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். அந்தக் கல்லூரியை அரசு அங்கீகரித்திருக்க வேண்டும். மாணவன் படிப்பை நிறுத்தினால் கல்லூரியே அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நூறாண்டு கழித்தும் அமெரிக்க மாணவர் விசாவின் எலும்புக்கூடு இதுதான், சதை மட்டும் மாறியிருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. வருகிறவனைத் துறைமுகத்தில் சோதிப்பதற்குப் பதிலாக, அவன் ஊரிலேயே தூதரகத்தில் சோதித்து விசா கொடுத்து அனுப்பும் முறையை நிலைநிறுத்தியது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இருந்த வரிசை உலகமெங்கும் உள்ள தூதரக வாசல்களுக்கு இடம்பெயர்ந்தது இப்படித்தான். ‘எஃப்’ என்ற எழுத்து 1952 சட்டத்தில் ஒட்டியது. அதே சட்டத்தின் 214 (பி) பிரிவு, வருகிறவன் எவனும் தங்கிவிடத்தான் வருகிறான் என்று எடுத்துக்கொள், இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு என்று அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்தது. சென்னைப் பிள்ளைகள் ‘டூ ஃபோர்ட்டீன் பி’ என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்வது இதைத்தான்.

விடுதலைக்குப் பிறகு காத்திருப்பு இரண்டு வாசலில் நடந்தது. முதல் வாசல் நம்முடையது. கடவுச்சீட்டு அப்போது உரிமை இல்லை. அரசு மனமிருந்தால் கொடுப்பது. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது, அரசு இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சென்னைக்காரர்கள் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் செருப்புத் தேய நடந்தார்கள். போலீஸ் விசாரணைக்கு வரும் காவலரை வரவேற்று உட்காரவைத்துக் காபி கொடுப்பது நடுத்தரக் குடும்பங்களின் சடங்குகளில் ஒன்றாக இருந்தது. கடவுச்சீட்டு வந்தால் அடுத்தது அந்நியச் செலாவணி. ரிசர்வ் வங்கியின் ‘பி ஃபாரம்’ இல்லாமல் விமான டிக்கெட் வாங்க முடியாது. கையில் எட்டு டாலரோடு அமெரிக்காவில் இறங்கினேன் என்று அறுபதுகளில் போன தலைமுறை சொல்வது பெருமைக்காக இட்டுக்கட்டியதல்ல, அனுமதித்ததே அவ்வளவுதான். கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன், சென்னையில் பிறந்தவர், 1958இல் தம் பத்தொன்பதாவது வயதில் பெர்க்லிக்குப் போனபோது முதலாண்டுச் செலவுக்கு அப்பா தம் சேமிப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது வாசல் ஜெமினி. சென்னையின் அமெரிக்கத் தூதரக உறவுக்கு வயது அதிகம். 1794இலேயே வில்லியம் அபட் என்பவரை இங்கே முகவராக வைத்திருந்தார்கள். இப்போதுள்ள கட்டடம் 1969இல் திறந்தது, பக்கத்து மேம்பாலத்துக்கும் நாலு வயது மூத்தது. எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள்வரை அதன் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையில் இரவே துண்டு விரித்துப் படுத்து இடம்பிடித்தவர்கள் உண்டு. அந்த இடத்தைப் பிடித்து வைத்து விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. இவ்வளவு நெரிசலுக்குக் காரணம் தமிழ்நாடு மட்டுமல்ல. ஹைதராபாத்தில் தனித் துணைத் தூதரகம் 2008இல்தான் திறந்தது. அதுவரை ஆந்திரா, கர்நாடகா, கேரளா என்று தென்னகம் முழுவதும் ஒரே வாசலில்தான் நின்றது. விஜயவாடாவில் ரயிலேறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, குளித்து உடை மாற்ற இடம் தேடிய மாணவர்களால் சென்னை லாட்ஜுகள் பல காலம் வாழ்ந்தன.

பிரிட்டன் பக்கம் கதை வேறு. காமன்வெல்த் நாடுகளுக்கு அது நீண்டகாலம் விசா கேட்கவில்லை. 1962க்குப் பின் கெடுபிடி கூடினாலும், சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி விமான நிலையத்திலேயே அனுமதி வாங்கிப் போன மாணவர்கள் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டை முதலில் இழந்தவர்கள் இலங்கையர். 1983 கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழ் இளைஞர்கள் லண்டனில் வந்து இறங்கிப் புகலிடம் கேட்கத் தொடங்கியதும், 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மீது அது விதித்த முதல் விசாக் கட்டாயம் அதுதான். யாழ்ப்பாணத்தில் லண்டன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் உயிர் தப்ப ஓடிய பிள்ளைக்கும் ஒரே கதவு, ஒரே நாளில் சாத்தப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் இந்தியாவுக்கும் அதே கட்டாயம் வந்தது. கெடு முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று துணைக்கண்டத்திலிருந்து விமானம் விமானமாகப் போனவர்கள் ஹீத்ரோவில் குவிந்து, கூடங்களில் படுத்துக் கிடந்தார்கள். 1921இல் நியூயார்க்கில் கப்பல்கள் ஓடிய ஓட்டம், அறுபத்தைந்து ஆண்டு கழித்து விமானத்தில்.

இனி 2002 மார்ச் 11. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், வெனிஸ் என்ற சிற்றூர். ஹஃப்மன் ஏவியேஷன் என்ற விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் இரண்டு கடிதங்கள் வருகின்றன. உங்கள் மாணவர்கள் இருவருக்கும் மாணவர் விசாத் தகுதி வழங்கப்பட்டுவிட்டது என்று குடிவரவுத் துறை தெரிவிக்கிறது. மாணவர்களின் பெயர்கள் முகமது அட்டா, மர்வான் அல்-ஷெஹி. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் விமானங்களை மோதிய இருவர். அவர்கள் இறந்து சரியாக ஆறு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பித்தது 2000 செப்டம்பரில். பயிற்சியை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே முடித்துவிட்டார்கள். துறை ஒப்புதல் கொடுத்தது 2001 ஜூலையிலும் ஆகஸ்டிலும். கடிதம் போய்ச் சேர்ந்தது அதற்கும் ஏழு மாதம் கழித்து. மாணவர் விசா எவ்வளவு நாளில் கிடைக்கும் என்ற கேள்விக்கு வரலாற்றில் இதைவிடக் கசப்பான பதில் கிடையாது.

இந்தக் கோளாறு தெரியாமல் இருந்ததல்ல. 1993இல் அதே வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்து படிப்பை விட்டவர். வந்தவன் கல்லூரிக்குப் போகிறானா என்று சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை என்பது அப்போதே அம்பலமானது. கணினிப் பதிவு வேண்டும் என்று 1996இல் சட்டமும் போட்டார்கள். கல்லூரிகள் முணுமுணுக்க, பணமில்லாமல், வேலை இழுத்துக்கொண்டே போனது. கோபுரங்கள் விழுந்த பிறகு ‘செவிஸ்’ என்ற அந்தக் கணினி அமைப்பு 2003இல் கட்டாயமானது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்காணல் கட்டாயம். அடுத்த ஆண்டு கைரேகை. செவிஸைப் பராமரிக்க மாணவரிடமே கட்டணம். 2004இல் 100 டாலர், இன்று 350.

சந்தேகம் வந்தால் விண்ணப்பத்தை வாஷிங்டனுக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். அந்தச் சோதனைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கழுகு, கழுதை, கரடி என்று ஒரு மிருகக்காட்சிச் சாலையே இருந்தது. அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு வாய்த்தது ‘மேன்டிஸ்’, அதாவது கும்பிடுபூச்சி. கை கூப்பிக்கொண்டு காத்திருப்பவனுக்குப் பொருத்தமான பூச்சிதான். அணு, ஏவுகணை, வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று ஆபத்தான துறைகளின் பட்டியல் நீண்டு, நகரத் திட்டமிடல்வரை போனது. 2003 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விண்ணப்பங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, கும்பிடுபூச்சிச் சோதனை முடியச் சராசரியாக 67 நாள் ஆனது தெரிந்தது. தகவல் பரிமாற்ற முறையைச் சீர்செய்து, ஆட்களைக் கூட்டியதும் 2004 நவம்பரில் அது சுமார் 15 நாளாகக் குறைந்துவிட்டது. வேலைக்கு 67 நாள் தேவைப்படவில்லை, தாள் மேசையில் கிடந்த நாள்தான் அதிகம் என்பது இதிலிருந்து விளங்கும். இடைப்பட்ட காலத்தில், அக்கா கல்யாணத்துக்கு ஊர் வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் ஆராய்ச்சியைப் பாதியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

மாணவர்களின் இந்தப் பாடு செய்தியாகவில்லை. ஒரு பேராசிரியருக்கு நடந்ததும் ஆனது. 2006 பிப்ரவரியில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநரும் உலக அறிவியல் அமைப்பு ஒன்றின் அப்போதைய தலைவருமான வேதியியலாளர் கோவர்தன் மேத்தா, ஃபுளோரிடா பல்கலைக்கழக அழைப்பின் பேரில் சென்னையில் விசா கேட்டார். உங்கள் வேதியியல் ஆயுதத்துக்குப் பயன்படுமே, விவரத்தை மறைக்கிறீர்களா என்கிற தொனியில் விசாரணை போனது. அவமானப்பட்டுத் திரும்பியவர் அதை வெளியே சொன்னார். அதிபர் புஷ் இந்தியா வரச் சில வாரங்களே இருந்த நேரம். விஷயம் பெரிதாகி, விசா தானாகத் தேடி வந்தது. மேத்தா பயணத்தை ரத்து செய்துவிட்டிருந்தார்.

அந்தச் சோதனை இன்றும் ‘நிர்வாகப் பரிசீலனை’ என்ற மரியாதையான பெயரில் தொடர்கிறது. பிள்ளைகள் மொழியில் அது, சட்டப் பிரிவின் எண்ணால், ‘டூ ட்வென்டி ஒன் ஜி’. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று கொடுக்கும் தாளின் நிறத்தை வைத்து ஜாதகம் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் நிலவரம் பார்த்தால் மாதக்கணக்கில் ஒரே வரி நிற்கும்.

நடைபாதைத் துண்டு காணாமல் போனது இணையத்தால். முன்பதிவு கணினிக்குப் போய், கைரேகைக்குத் தனி மையம் வைத்து, நேர்காணலுக்குக் குறித்த மணிக்கு வந்தால் போதும் என்றானது. வெயிலில் நிற்கும் வரிசை போய், கண்ணுக்குத் தெரியாத வரிசை வந்தது. அதன் பெயர்தான் ஸ்லாட். 2020 மார்ச்சில் தொற்றுக்காகத் தூதரகங்கள் மூடித் திறந்த பிறகு அது மந்திரச் சொல்லாகிவிட்டது. எந்த நேரம் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நள்ளிரவு ஒரு மணிக்கு டெலிகிராம் குழுவில் ‘சென்னை ஓப்பன்’ என்று செய்தி விழும். நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்திருக்கும். அடிக்கடி பக்கத்தைத் திறந்து பார்த்தால் கணக்கை முடக்கிவிடும். அண்ணன் மடிக்கணினியில், அப்பா செல்போனில், நண்பன் இன்னோர் ஊரிலிருந்து என்று ஒரே கணக்குக்குள் முறைவைத்து நுழைந்து பார்த்த வீடுகள் உண்டு. இடம்பிடித்து விற்பவரும் மறையவில்லை, மென்பொருளாக மறுபிறவி எடுத்துவிட்டார். 2025 மார்ச்சில், தானியங்கி மென்பொருள் வைத்துப் பிடித்த ஏறத்தாழ 2,000 முன்பதிவுகளை இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்தது.

நியாயமாகச் சொன்னால், தூதரகமும் சும்மா இருக்கவில்லை. 2001-02 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 66 ஆயிரத்துச் சொச்சம். 2023-24இல் 3,31,602, சீனாவை முந்தி முதலிடம். 2023 ஜூனில் ஒரே நாளில் இந்தியாவில் சுமார் 3,500 மாணவர்களை நேர்காணல் செய்தார்கள். அந்த நிதியாண்டில் இந்தியாவில் மட்டும் 1,40,000க்கு மேல் மாணவர் விசாக்கள் கொடுத்தார்கள். படிப்பு தொடங்க ஓராண்டுக்கு முன்பே விசா வழங்கலாம் என்று விதியையும் தளர்த்தினார்கள். அதற்கு முன் 120 நாள்தான்.

ஆனால் கடிகாரத்தின் சாவி அவர்களிடம்தான். 2025 மே 27 அன்று, புது மாணவர் நேர்காணல் எதையும் குறிக்காதே என்று வாஷிங்டனிலிருந்து உலகத் தூதரகங்களுக்கெல்லாம் உத்தரவு போனது. ஆகஸ்ட் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு மே கடைசியும் ஜூனும்தான் உயிர்நாடி. ஜூன் 18இல் மறுபடி திறந்தார்கள், ஒரு நிபந்தனையோடு: சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றையும் யாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். 1909க்குப் பின் லண்டன் போகிறவனிடம் கேட்ட அடையாளச் சான்று இப்போது இன்ஸ்டாகிராமிலிருந்து எடுக்கப்படுகிறது.

மற்ற நாடுகளும் இதே பாதையில்தான். கனடா 2018இல் இந்தியர் உள்ளிட்ட சிலருக்கு 20 நாளில் முடிவு என்று துரித வழி திறந்தது. ராஜதந்திரச் சண்டையில் 2023 அக்டோபரில் அதன் 41 அதிகாரிகள் இந்தியாவை விட்டு வெளியேறியதும் கோப்புகள் தேங்கின. மறு ஆண்டு நவம்பர் 8இல் துரித வழியையே மூடிவிட்டது. ஜெர்மனி, கல்விச் சான்றுகளை முதலில் ‘ஏபிஎஸ்’ என்ற அமைப்பிடம் சரிபார்த்துவா என்று 2022 நவம்பரில் தொடங்கி, அந்தக் குளிர்காலம் முழுக்க மாணவர்களை அந்தச் சான்றுக்காகத் தவிக்கவிட்டது. விசா வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை. ஆஸ்திரேலியா 2023 டிசம்பரிலிருந்து எந்தக் கல்லூரி என்பதைப் பார்த்து முன்னுரிமை கொடுத்தது. ஆபத்து குறைந்தது என்று கருதும் கல்லூரிக்கு வேகம், மற்றதற்குத் தாமதம். ஒரே நாட்டு விசாவுக்கு ஒரே வகுப்பில் படித்த இரண்டு நண்பர்களுக்கு இரண்டு வேகம்.

அரசாங்கங்கள் கைவிட்ட இடத்தைத் தெய்வங்கள் எடுத்துக்கொண்டன. ஹைதராபாத்துக்கு வெளியே சில்குர் பாலாஜி கோயிலில் வேண்டிக்கொள்ள 11 சுற்று, நிறைவேறினால் நன்றிக்கு 108 சுற்று. சென்னையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழவந்தாங்கலில், லட்சுமி விசா கணபதி இருக்கிறார். பாஸ்போர்ட்டை அவர் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக ஜெமினிக்குப் போகிறவர்கள் உண்டு. கடல் தாண்டினால் சாதி போகும் என்று பயந்த ஊரில், கடல் தாண்ட வழிவிடச் சொல்லிச் சாமியிடம் மனுப்போட நூறாண்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஜெமினியில் கூட்டம் மெலியும். உள்ளே போன ஒரு பிள்ளை வெளியே வந்து, கடைக்காரரிடமிருந்து போனை வாங்கி முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைத்தான். இருபதாம் தேதிக்குள் வந்து சேர முடியாவிட்டால் ஜனவரிக்குத் தள்ளிப்போடலாம், அதற்குப் புது ஐ-20 அனுப்புகிறோம் என்று அதில் இருக்கிறது. கையில் மஞ்சள் தாள். நடைபாதையிலிருந்து அப்பா சாலையைக் கடந்து வருகிறார். “என்னப்பா சொன்னாங்க?” என்கிறார். “வெயிட் பண்ணச் சொன்னாங்கப்பா” என்கிறான் பையன்.